பெயருக்கு என்ன விலை?

பெங்களூரில் வசிக்கும் என் மகள் வழிப் பேத்திக்கு, பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்ததும் ஒரு மின்கிட்டார் வாங்கித் தருவதாக வாக்களித்திருந்தேன். முப்பத்தைந்து ஆண்டுகள் கல்லூரியில் பொருளியல் கற்பித்தவனுக்கு, ஒரு பொருளை விசாரித்து வாங்குவது பெரிய காரியமாகத் தோன்றவில்லை. சென்ற ஆண்டு கோடை விடுமுறையில் அவளுடன் கடைக்குப் போனபோதுதான் அதன் சிக்கல் விளங்கியது.

நகரின் நடுவிலிருந்த பெரிய இசைக்கருவிக் கடையில், உலகப் புகழ்பெற்ற வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் கிட்டார் 1,80,000 ரூபாய். நகரின் புறத்தே, இரண்டே பேர் வேலை செய்யும் ஒரு பட்டறையில், ஏறக்குறைய அதே அமைப்பில், அதே வகை மரத்தில் செய்யப்பட்ட கிட்டார் 90,000 ரூபாய். பேத்தி இரண்டையும் நெடுநேரம் வாசித்துப் பார்த்தாள். பெரிய நிறுவனத்தின் கருவியில் மெட்டுகளின் ஓரம் சரியாகத் தேய்க்கப்படாமல் விரலைக் கீறியது. வீணையில் மெட்டு என்கிறோமே, அதே போன்ற உலோகப் பட்டைகள்தாம் கிட்டாரிலும் சுரத்தானங்களைக் குறிக்கின்றன. பட்டறைக் கருவியில் அந்தக் குறை இல்லை. “தாத்தா, இதுதான் கைக்கு அடக்கமா இருக்கு” என்றாள்.

உடன் வந்த மருமகனுக்கு அதில் உடன்பாடில்லை. “நாளைக்கு இவ மேல்படிப்புக்கு வேற ஊருக்குப் போனா இதை விக்கணும், மாமா. பேர் இருந்தாத்தான் விலை போகும்” என்றார்.

எனக்கு உடனே மறுமொழி வரவில்லை. ‘பெயருக்காகக் கூடுதலாகக் கொடுப்பது விளம்பரத்துக்குக் கட்டும் தண்டம்’ என்று வகுப்பறையில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். சொந்தப் பணத்தை எண்ணி வைக்கும் நேரத்தில் அந்த வாக்கியம் போதவில்லை. அந்த இரண்டு விலைகளுக்கும் இடையிலான 90,000 ரூபாய் உண்மையில் எதற்கான விலை? இக்கேள்விக்கு நான் கண்ட விடையே இக்கட்டுரை.

பலகையும் திருகாணியும்

வயலினிலும் வீணையிலும் மரக்கூடு நேரடியாக ஒலியைப் பெருக்குகிறது. மின்கிட்டாரின் இயல்பு வேறு. அதன் எஃகுத் தந்தி அதிரும்போது, அடியில் ‘பிக்அப்’ எனப்படும் காந்தச் சுருளில் மிகச் சிறிய மின்னோட்டம் எழுகிறது. அதை ஆம்ப்ளிஃபயர் பெருக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்புகிறது. கேட்பவர் செவியை எட்டும் ஒலியில் தந்தி, சுருள், ஆம்ப்ளிஃபயர், ஒலிபெருக்கி ஆகியவற்றுக்குப் பெரும்பங்கு உண்டு. மரத்தின் பங்கு எவ்வளவு என்பது வாசிப்பவர்களிடையே இன்னும் ஓயாத விவாதம்.

இக்கருவியைப் பெருமளவில் செய்து விற்கும் வழியைக் கண்டவர் லியோ ஃபெண்டர். கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் ஊரில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை நடத்தியவர். அவருக்கே கிட்டார் வாசிக்கத் தெரியாது. 1950-இல் அவர் சந்தைக்குக் கொண்டுவந்த கருவி, திண்ணமான ஒரு பலகை. அதில் நான்கு திருகாணிகளால் பொருத்திய கழுத்து. கழுத்து கெட்டால் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டலாம். உறுப்புகளைத் தனித்தனியே செய்து பின்னர் இணைக்கும் இந்த முறையைப் பார்த்தால், ஆடம் ஸ்மித்தின் குண்டூசித் தொழிற்சாலை நினைவுக்கு வராமல் போகாது. மின்கிட்டார் பிறவியிலேயே தொழிற்சாலைப் பொருள். பரம்பரைக் கைவினைஞரின் மெருகு ரகசியம் எதுவும் அதில் ஒளிந்திருக்கவில்லை.

மெட்டுகளின் இடத்தைக் கணிப்பதும் திறந்த கணக்கே. இரண்டின் பன்னிரண்டாம் மூலம் தெரிந்த எவரும் அதைப் போட்டுவிடலாம். கணினி வழி இயங்கும் மரம் செதுக்கும் இயந்திரம் இன்று சிறு பட்டறைகளிலும் இருக்கிறது. விரற்பலகைக்கு உலகெங்கும் விரும்பப்படும் மரங்களுள் ஒன்று நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வளரும் ஈட்டி மரம். பெரிய நிறுவனமும் சிறிய பட்டறையும் அதையே வாங்குகின்றன.

அப்படியானால் வேறுபாடு எங்கே இருக்கிறது? கடைசிக் கட்ட வேலையில். மெட்டுகளைச் சமமாகத் தேய்ப்பது, தந்தி உட்காரும் பள்ளங்களை அறுப்பது, கழுத்து உடலோடு பொருந்தும் இடத்தைச் சீர்செய்வது ஆகியவை பொறுமை கேட்கும் வேலைகள். நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கில் கருவிகளை வெளியே அனுப்பும் ஆலையில் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது எண்ணி வைத்த நிமிடங்கள். பட்டறைக்காரர் இரண்டு நாள் செலவிடலாம். ஆனால், அவர் அவ்வாறு செலவிட்டாரா என்பது வாங்குபவருக்குத் தெரியாது. மொத்தச் சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது.

கை இங்கே, பெயர் அங்கே

பொருளியலில் நாங்கள் எப்போதும் ஏங்குவது ஒரு சோதனைக்காக: மற்றவை எல்லாம் மாறாமல் ஒன்று மட்டும் மாற வேண்டும். கிட்டார் வரலாறு ஏறத்தாழ அத்தகைய இரண்டு சோதனைகளை நமக்கு நடத்திக் காட்டியிருக்கிறது.

முதலாவது, மிச்சிகன் மாநிலத்தின் கலாமசூ நகரில். அங்கே சிறு பட்டறையில் மாண்டலின் செய்துகொண்டிருந்த ஆர்வில் கிப்சனின் பெயரால் 1902-இல் ஒரு நிறுவனம் உருவாயிற்று. 1917 முதல் அதன் ஆலை பார்சன்ஸ் தெருவில் இயங்கியது. 1952-இல் அறிமுகமான புகழ்பெற்ற ‘லெஸ் பால்’ கிட்டார்கள் அங்கேதான் செய்யப்பட்டன. 1970-களில் நிறுவனம் டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரில் புதிய ஆலை திறந்தது. 1984-இல் கலாமசூ ஆலையை மூடியது. ஊரைவிட்டுப் போக விரும்பாத பழைய ஊழியர்கள் சிலர், அதே கட்டடத்தில், அங்கே எஞ்சியிருந்த இயந்திரங்களைக் கொண்டு, 1985-இல் ‘ஹெரிடேஜ்’ என்ற சிறு நிறுவனத்தைத் தொடங்கினர். அதே கைகள், அதே கூரை, அதே பழக்கம். பெயர் மட்டும் நாஷ்விலுக்குப் போய்விட்டது.

இரண்டாவது, ஃபுல்லர்டனில். 1965-இல் லியோ ஃபெண்டர் தம் நிறுவனத்தை சி.பி.எஸ். ஒலிபரப்பு நிறுவனத்துக்கு 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு விற்றார். நிறுவனத்தோடு பெயரும் போயிற்று. பின்னர் ‘மியூசிக் மேன்’ நிறுவனத்துக்கு வடிவமைத்தார். 1980-இல் நண்பர் ஜார்ஜ் ஃபுல்லர்டனுடன் சேர்ந்து ‘ஜி அண்ட் எல்’ என்ற சிறு நிறுவனத்தைத் தொடங்கி, 1991-இல் இறக்கும்வரை அங்கே புதிய கருவிகளை உருவாக்கிக்கொண்டிருந்தார். 1950-இல் தாமே வெளியிட்ட ‘பிராட்காஸ்டர்’ என்ற பெயரை 1980-களில் தம் புதிய கிட்டாருக்கு வைத்தபோது, பழைய நிறுவனம் மறுப்புத் தெரிவித்தது. அவர் பெயரை மாற்ற வேண்டியதாயிற்று. கலாமசூவில் கைகள் தங்கிவிட, பெயர் வெளியேறியது. ஃபுல்லர்டனில் பெயர் தங்கிவிட, மூளை வெளியேறியது.

சந்தை என்ன தீர்ப்பளித்தது? அமெரிக்காவின் பழைய கருவிச் சந்தையில் ஹெரிடேஜ் கிட்டார்கள் ஒத்த வகைக் கிப்சனைவிடவும், ஜி அண்ட் எல் கிட்டார்கள் ஒத்த வகை ஃபெண்டரைவிடவும் பொதுவாகக் குறைந்த விலைக்கே கைமாறி வந்திருக்கின்றன. கைக்கும் மூளைக்கும் கிடைக்காத விலை பெயருக்குக் கிடைத்தது.

செவிதான் நீதிபதி என்றால் இப்படி நடக்குமா? 2010-இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் ஆய்வாளர்கள் 21 வயலின் கலைஞர்களிடம், கருவியை அடையாளம் காண முடியாதபடி கண்ணை மறைத்து, மூன்று புதிய வயலின்களையும் மூன்று பழைய இத்தாலிய வயலின்களையும் வாசிக்கக் கொடுத்தனர். மிக அதிகமாக விரும்பப்பட்டது ஒரு புதிய வயலின். மிகக் குறைவாக விரும்பப்பட்டது ஒரு ஸ்ட்ராடிவேரியஸ். வயலினுக்குச் சொன்னது கிட்டாருக்கு அப்படியே பொருந்தும் என்று நான் வாதிடவில்லை. பெயர் மறைந்ததும் தேர்ந்த செவிகளும் வேறு தீர்ப்பு வழங்கக்கூடும் என்பதற்கு இது சான்று.

பெயர் ஒரு காப்பீடு

அப்படியென்றால் பெயருக்குப் பணம் கொடுப்பவர்கள் ஏமாளிகளா? முன்பு அப்படித்தான் நினைத்தேன். இப்போது நினைக்கவில்லை.

1970-இல் ஜார்ஜ் அகர்லாஃப் பழைய கார் சந்தையைப் பற்றி எழுதிய கட்டுரை, பின்னர் 2001-இல் அவருக்கு நோபல் பரிசைப் பெற்றுத் தந்த ஆய்வுகளின் தொடக்கம். விற்பவருக்குத் தெரிந்த குறை வாங்குபவருக்குத் தெரியாதபோது, வாங்குபவர் எல்லாப் பொருளையும் சந்தேகித்து விலையைக் குறைக்கிறார். குறைந்த விலைக்கு நல்ல பொருளைத் தர விரும்பாத நேர்மையான விற்பனையாளர் சந்தையைவிட்டு விலகுகிறார். மட்டமானது மட்டுமே மிஞ்சுகிறது. இதற்கு மாற்றாக எழும் ஏற்பாடுகள் என அகர்லாஃப் அதே கட்டுரையில் சுட்டியவற்றுள் உத்தரவாதமும் உண்டு, நிறுவனப் பெயரும் உண்டு. பெயர் என்பது தொலைவிலிருந்தும் படிக்கக்கூடிய சான்றிதழ். அது ‘இக்கருவி மிகச் சிறந்தது’ என்று சொல்வதில்லை. ‘இக்கருவி இன்ன தரத்துக்குக் கீழே போகாது, இதை அறியாதவரிடமும் விற்கலாம்’ என்று சொல்கிறது.

ஆகவே அந்தக் கூடுதல் விலையைக் காப்பீட்டுக் கட்டணமாகப் பார்ப்பதே சரி. கட்டணம் எவ்வளவு? மருமகனின் வாதத்தைக் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். எண்கள் என் அனுமானம். முறை எல்லோருக்கும் பொதுவானது. 1,80,000 ரூபாய்க் கருவி ஐந்தாண்டு கழித்து 1,20,000-க்கு விற்கும் என்று கொள்வோம். இழப்பு 60,000. 90,000 ரூபாய்க் கருவி 35,000-க்குத்தான் போகும் என்று கொள்வோம். இழப்பு 55,000. இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. மருமகன் சொன்னது சரியாகிவிடுகிறது.

ஆனால் அவர் வட்டியைக் கணக்கில் சேர்க்கவில்லை. கூடுதலாக முடக்கப்படும் 90,000 ரூபாய் வங்கி வைப்பில் 7 சதவீதக் கூட்டுவட்டியில் இருந்திருந்தால் ஐந்தாண்டில் ஏறத்தாழ 36,000 ரூபாய் ஈட்டியிருக்கும். அதையும் சேர்த்தால் பெயருள்ள கருவியின் உண்மைச் செலவு 96,000. பட்டறைக் கருவியின் செலவு 55,000. வேறுபாடு 41,000. ஆண்டுக்கு ஏறக்குறைய 8,000 ரூபாய். இதுதான் காப்பீட்டுக் கட்டணம். விரைவில் விற்க நேரலாம் என்று அஞ்சுபவருக்கும், தரத்தைத் தாமே சோதிக்கத் தெரியாதவருக்கும் இது நியாயமான தொகையாக இருக்கலாம். நெடுங்காலம் வைத்து வாசிக்கப் போகிறவரும், கையாலும் செவியாலும் சோதிக்கத் தெரிந்தவரும் தமக்குத் தேவையற்ற காப்பீட்டுக்குப் பணம் கட்டுகிறார்கள்.

பட்டறையின் பக்கத்திலும் குறைகளைச் சொல்லவேண்டும். சொன்ன தேதியில் கருவி கைக்கு வராது. ஒரு கருவி அருமையாகவும் அடுத்தது சுமாராகவும் அமையக்கூடும். முன்பணம் கொடுத்தபின் பட்டறையே மூடப்படலாம். செய்தவருக்கு உடல்நலம் குன்றினால் பழுதுபார்க்கும் உறுதிமொழி காற்றில் போய்விடும். ‘கையால் செய்தது’ என்ற சொல்லும் ஒரு விளம்பரமே. ஆலையிலும் கைவேலை உண்டு, பட்டறையிலும் இயந்திரம் உண்டு.

கரையும் பெயர்

காப்பீட்டு நிறுவனமும் நொடித்துப்போகலாம். சி.பி.எஸ். கையில் ஃபெண்டரின் தரம் சரிந்ததாகக் கருதிய வாசிப்பாளர்கள், 1965-க்கு முந்தைய கருவிகளைத் தனியே பிரித்து உயர்ந்த விலை கொடுக்கத் தொடங்கினர். ஒரே பெயர், இரண்டு விலை. 1985-இல் அங்கே பணியாற்றியவர்களே பில் ஷுல்ட்ஸ் தலைமையில் அந்த நிறுவனத்தை 1 கோடியே 25 லட்சம் டாலருக்கு வாங்கினர். இருபது ஆண்டுப் பணவீக்கத்துக்குப் பிறகும் பழைய விலையைவிடக் குறைவு. பெயர் கரைந்ததன் அளவு அது. கிப்சனோ வீட்டு ஒலிக்கருவித் தொழிலில் இறங்கிக் கடனில் சிக்கி, 2018 மே மாதம் திவால் பாதுகாப்பு கோரியது. கிட்டார் விற்பனை அதைக் கவிழ்க்கவில்லை. கிட்டாரின் பெயரை அடகு வைத்து விரிந்த வேறு தொழில் கவிழ்த்தது.

அதே பெரிய நிறுவனங்கள் ஒரே பெயரின் நிழலில் பல படிகளை அமைத்துள்ளன. ஃபெண்டருக்கு அமெரிக்க ஆலை, மெக்சிகோ ஆலை, அவற்றின் கீழே ‘ஸ்குவையர்’. கிப்சனுக்குக் கீழே ‘எபிஃபோன்’. அடிப்படிகளின் கருவிகள் பெரும்பாலும் ஆசிய ஆலைகளில் உருவாகின்றன. உச்சிப்படியில் இருப்பதோ, சிறு பட்டறை போலச் சில கைவினைஞர்கள் தனித்தனியே செய்யும் பிரிவு. ஃபெண்டர் அதை 1987-இல் தொடங்கியது. பெரிய ஆலைக்குள்ளேயே சிறு பட்டறைக்குத்தான் அதிக விலை என்பது கவனிக்கத்தக்கது.

எதிர்த்திசையிலும் பயணம் உண்டு. சிறு பட்டறையில் தொடங்கிய பால் ரீட் ஸ்மித், 1985-இல் மேரிலாந்து மாநிலத்தில் ஆலை அமைத்து, கிப்சனே வழக்குத் தொடுக்கும் அளவுக்கு வளர்ந்தார். 2005-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் நிறுவனத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 2009-இல் அமெரிக்க வணிகச்சின்ன வாரியம், ஃபெண்டரின் புகழ்பெற்ற உடல் வடிவங்கள் தனியொரு நிறுவனத்தின் அடையாளமாக இல்லை, பொதுவாகிவிட்டன என்று அறிவித்தது. நான் பார்த்த பட்டறையும் அந்தப் பொது நிலத்தில்தான் பயிர் செய்கிறது. அங்கே செய்த கருவியின் உறுப்புகள் பொது அளவில் அமைந்திருப்பதால், அப்பட்டறை இல்லாமற்போனாலும் வேறொருவர் அதைப் பழுதுபார்க்க முடியும். பெரிய பெயர்கள் சிறியவர்களுக்குத் தெரியாமல் கொடுத்த கொடை இது.

எழுதிக் கொடுத்த நம்பிக்கை

தனித்தனியே பெயர் ஈட்ட முடியாத பட்டறைகள் கூட்டாக ஈட்டலாம். நம்மூரிலேயே முன்னுதாரணம் இருக்கிறது. தஞ்சாவூர் வீணை 2013-இல் புவிசார் குறியீடு பெற்றது. நரசிங்கபேட்டை நாகஸ்வரம் 2022-இல் பெற்றது. பொருளியல் நோக்கில் புவிசார் குறியீடு என்பது பல சிறு பட்டறைகள் சேர்ந்து சொந்தம் கொண்டாடும் ஒரு பெரிய பெயர். ஆனால் அது ஊருக்கும் முறைக்கும் சான்று. கையிலிருக்கும் அந்த ஒரு கருவிக்குச் சான்று அன்று. அதற்குத் தனி எழுத்து வேண்டும்.

அந்த எழுத்தைத்தான் நான் பட்டறைக்காரரிடம் கேட்டேன். என்ன மரம், எந்தச் சுருள், கழுத்தின் அளவுகள், வரிசை எண் ஆகியவை ஒரு தாளில் இருக்கவேண்டும். முப்பது நாளில் பிடிக்காவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்ளவேண்டும். மூன்றாண்டுப் பராமரிப்பு, கருவியை அடுத்து வாங்குபவருக்கும் செல்லவேண்டும். கடைசி நிபந்தனைதான் முக்கியம். மறுவிற்பனை மதிப்பைத் தாங்கும் தூண் அது. அவர் சற்று யோசித்தார். “எழுதிக் கொடுக்கிறதுல எனக்கு என்ன சார் நஷ்டம்? இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை” என்றார்.

நல்ல வேலைக்காரர்கள் பலர் நல்ல வேலையோடு நின்றுவிடுகிறார்கள். அந்த வேலையை அறியாதவரும் நம்பும்படி எழுத்தில் வைப்பது தொழிலின் பாதி என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. சிறு தொழில்களுக்குக் கடனுதவி பற்றிப் பேசும் அளவுக்கு, தரச்சான்று பற்றி நாம் பேசுவதில்லை. கடன் ஒரு இயந்திரத்தை வாங்கித் தரும். அந்த இயந்திரத்தில் செய்ததை நம்ப வைப்பது சான்றுதான்.

பட்டறைக் கிட்டாரையே வாங்கினோம். மழைக்காலத்தில் கழுத்து சற்று வளைந்து தந்திகள் உயர்ந்துவிட்டன. பட்டறைக்காரர் கழுத்துக்குள்ளிருக்கும் எஃகுத் தண்டைத் திருகிச் சரிசெய்து, தாளில் தேதியிட்டுக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். மருமகனிடம் அந்தத் தாளைக் காட்டினேன். “விக்கும்போது பாப்போம், மாமா” என்றார். அவர் ஐயம் நியாயமானதுதான். அந்த ஒரு தாளை அடுத்து வாங்குபவர் மதிப்பாரா என்பது இன்னும் சோதிக்கப்படவில்லை. பேத்தி இப்போதைக்கு விற்பதாக இல்லை.